லயன் என்னும் சொல்



நாள்தோறும் நம் நாவிற் பயிலும் சொற்களுள் ஒன்றை எடுத்து, அது எங்குப் பிறந்தது, எவ்வழியே நடந்து வந்தது, எந்தெந்தப் பொருளை ஏற்றது என்று ஆராய்ந்து பார்ப்பது மொழி பயில்வார்க்கு இன்பந் தருவதொன்று. நம் முன்னோர் இத்துறையில் மிக்க ஆர்வமுடையோராய் இருந்தனர். திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகளிலே, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறுதற்கெனவே தனிப் பகுதி வகுத்து வைத்திருப்பது இதற்குச் சான்று.

இன்று நான் ஆராய எடுத்துக்கொண்ட சொல் ஓர் ஆங்கிலச் சொல். ஆயினும், மலையகத் தமிழர் எவரும் அதனை ஆங்கிலச் சொல் என்று எண்ணுவதில்லை. பள்ளிக்கூட வாயிலை மிதித்தறியாத பாட்டியும் அதனைச் சொல்வாள். நேற்றுப் பேசத் தொடங்கிய குழந்தையும் சொல்லும். ஆங்கிலேயர் ‘லைன்’ என்றனர். நாம் ‘லயன்’ என்கிறோம், ‘லயம்’ என்கிறோம்.

அட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்குச் செல்லும் நேயர்கள், பச்சைத் தேயிலைச் சரிவுகளுக்கு இடையே நீண்ட கூரைகளைக் கண்டிருப்பீர்கள். ஒரே கூரையின் கீழே, ஒரே சுவரைப் பொதுவாகக் கொண்டு, ஆறு அறைகளோ பத்து அறைகளோ பன்னிரண்டு அறைகளோ வரிசையாக நிற்கும். சில இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டியவாறு இரட்டை வரிசையாகவும் நிற்கும். ஓர் அறை ஏறக்குறையப் பன்னிரண்டடி நீளம், பத்தடி அகலம். ஓர் அறை ஒரு குடும்பத்துக்கு. அந்தக் கட்டடந்தான் லயம்.

இந்தச் சொல்லின் பிறப்பை முதலில் பார்ப்போம். ஆங்கிலத்தில் இச்சொல் இலத்தீன் மொழியினின்றும் வந்தது. இலத்தீனில் ‘லீனும்’ என்றால் ஆளிச் செடி. நாம் ஆளி விதை என்று மருந்துக்கு வாங்குகிறோமே, அந்தச் செடிதான். அதன் தண்டிலிருந்து நாரெடுத்து நூல் நூற்றனர் பண்டைய ஐரோப்பியர். அந்த நூலுக்கு ‘லீனியா’ என்று பெயர். அதுவே ‘லைன்’ ஆயிற்று. ஆளி நூலால் நெய்த துணி ‘லினன்’. சட்டையின் உட்புறத்தே அத்துணியை வைத்துத் தைத்தது ‘லைனிங்’. ஆகவே, ‘லைன்’ என்பதன் முதற்பொருள் நூல் என்பதே.

நூலைப் பிடித்து இழுத்தால் நேராக நிற்கும். கொத்தனும் தச்சனும் நூலை இழுத்துக் கட்டியே சுவரும் மரமும் நேராக இருக்கின்றனவா என்று பார்த்தனர். இழுத்த நூல் காட்டிய நேர்மையே ‘கோடு’ என்னும் பொருளைத் தந்தது. அங்கிருந்து அச்சொல் ஆலமரம்போல் விழுது விட்டது. துணி உலர்த்தும் கயிறும் லைன். மீன் பிடிக்கும் தூண்டிற் கயிறும் லைன். ஏட்டில் எழுதிய ஒரு வரி லைன்; நாடகத்தில் நடிகன் பேச வேண்டிய வசனம் லைன். ஒருவருக்குச் சிறு கடிதம் எழுதுவதும் ஆங்கிலேயர் பேச்சில் ஒரு லைன் போடுவதேயாகும். படைவீரர் அணிவகுத்து நின்றால் லைன். தந்தை, பாட்டன், பூட்டன் என்று மேலேறும் குலமரபும் லைன். ஒருவர் செய்யும் தொழில் இன்ன துறையைச் சேர்ந்தது என்பதற்கும் அதே சொல். கப்பலோட்டிகள் நிலவுலகின் நடுக்கோட்டை வெறுமனே லைன் என்றே சொல்வர்.

புகையிரதம் வந்தபோது அதன் பாதையும் லைன் ஆயிற்று. நம் மலைகளைக் குடைந்து வந்த அந்தப் பாதை, 1885ஆம் ஆண்டில் நானுஓயாவை எட்டியது. 1924ஆம் ஆண்டில் பதுளையைச் சேர்ந்தது. பின்னர்த் தொலைபேசி வந்தது. கம்பியும் லைன், அதன் வழியே கிடைக்கும் தொடர்பும் லைன். 1963ஆம் ஆண்டில் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் இடையே ஏற்பட்ட அவசரத் தொடர்பு ‘ஹொட் லைன்’ என்று பெயர் பெற்றது. அச்சொல்லோடு வேறு சொற்களும் கூடிக் கலந்தன. பத்திரிகைத் தலைப்பு ‘ஹெட்லைன்’. ஒரு வேலையை முடித்தற்குரிய இறுதி நாள் ‘டெட்லைன்’. இந்தப் பிற்கூறிய சொல்லின் வரலாறு நெஞ்சை நடுங்கச் செய்வது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864ஆம் ஆண்டளவில், அண்டர்சன்வில் என்னும் சிறைமுகாமில் கைதிகளுக்கு ஓர் எல்லை வகுத்திருந்தனர். அதனைக் கடந்தவன் சுடப்பட்டான். அந்தச் சாவுக்கோடே இன்று நம் அலுவலகங்களில் அறிக்கை சமர்ப்பிக்கும் நாளாக வந்து அமர்ந்திருக்கிறது. சொற்கள் தாம் நடந்து வந்த குருதிச் சுவடுகளைக் காலப்போக்கில் மறைத்துவிடும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய விந்தையன்று இது. நம் தமிழைப் பாருங்கள். ‘நூல்’ என்றால் தைக்கும் இழை. ‘நூல்’ என்றால் கற்கும் புத்தகம். மரத்தின் கோணலைத் தச்சனுடைய நூல் காட்டித் தீர்ப்பதுபோல, மனத்தின் கோணலைத் தீர்ப்பதனால் ஏட்டுக்கும் நூல் என்ற பெயர் வந்தது என்று நன்னூலார் விளக்கம் தருவார். இலத்தீனியர் கண்ட அதே இழையைத்தான் தமிழரும் கண்டனர். அவர் அதிலிருந்து கோட்டைக் கண்டனர், நாம் கல்வியைக் கண்டோம்.

‘வரி’ என்னும் சொல்லும் அத்தகையதே. எழுத்தின் வரி, புலியின் உடலில் உள்ள வரி, அரசுக்குக் கட்டும் வரி. சிலப்பதிகாரத்தில் கானல்வரி என்று ஒரு காதையே உண்டு. அங்கே வரி என்பது ஒருவகைப் பாட்டு. ‘நிரை’ என்றொரு சொல். வரிசை என்பது அதன் பொருள். பசுக்கூட்டமும் நிரை, செய்யுளில் நேரசைக்கு இணையாக வருவதும் நிரையசை. பண்டைத் தமிழர் போரைத் தொடங்கியதே பகைவரின் ஆநிரையைக் கவர்ந்துதான்.

நேயர்களே, இந்த நிரை என்னும் பழந்தமிழ்ச் சொல் இன்றும் உயிரோடு உலவும் இடங்களுள் ஒன்று தேயிலைத் தோட்டம். காலையில் மலைக்குச் செல்லும் பெண்களுக்குக் கங்காணி ஆளுக்கொரு தேயிலை வரிசையைக் காட்டிவிடுவார். அந்த வரிசைக்கு ‘நெரை’ என்று பெயர். ‘என் நெரையிலே புகாதே’ என்று ஒருத்தி மற்றொருத்தியிடம் வேடிக்கையாகச் சண்டை பிடிப்பாள். தொல்காப்பியம் படித்த புலவர் கேட்டால் மகிழத்தக்க சொல். ஆக, வேலை செய்யும் வரிசைக்குத் தமிழ்ச் சொல் நிலைத்தது. குடியிருக்கும் வரிசைக்கு ஆங்கிலச் சொல் நிலைத்தது. இதன் காரணம் ஆராயத்தக்கது.

காரணம் இதுதான். செடி வரிசையைத் தமிழன் தன் கையால் நட்டான். ஆதலால் தன் சொல்லால் அழைத்தான். குடியிருப்பு வரிசையை வகுத்தவன் பிறன். அவன் தன் சொல்லையே அதற்கு வைத்தான். அச்சொல்லை அவன் எடுத்ததோ படைமுகாமிலிருந்து. பிரித்தானியரின் இந்தியப் படையிலே சிப்பாய்களின் குடிசைகள் வரிசை வரிசையாக அமைந்தன. அவற்றை ‘லைன்ஸ்’ என்றனர். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் ‘சிப்போய் லைன்ஸ்’ என்ற இடப்பெயர் தோன்றியது. டில்லியிலே குடியியல் அதிகாரிகள் வாழ்ந்த பகுதி ‘சிவில் லைன்ஸ்’ ஆயிற்று. அந்தச் சொல்லே தோட்டங்களுக்கும் வந்தது. மலாயாவின் இறப்பர்த் தோட்டத் தமிழரும் லயம் என்றே கூறினர். அசாமின் தேயிலைத் தோட்டங்களிலும் தொழிலாளர் குடியிருப்புக்கு லைன் என்றே பெயர்.

தோட்ட வாழ்வில் முகாமின் மணம் வீசும் சொல் இது ஒன்றுமட்டும் அன்று. விடியற்காலையில் தொழிலாளர் கூடி நின்று பெயர் கொடுக்கும் இடம் பிரட்டுக்களம். பிரட்டு என்பது ‘பரேட்’ என்னும் அணிவகுப்புச் சொல்லின் திரிபு. தேயிலைச் செடியை வெட்டிச் சீராக்கும் வேலை கவ்வாத்து; கவாத்து என்றால் தமிழில் படைப்பயிற்சியும் ஆகும். காலையில் அணிவகுப்பு, பகலிலே கவாத்து, இரவிலே லயன். போர் ஒன்றும் நடவாமலே ஒரு படை வாழ்க்கை நடந்தது.

ஆங்கில ஏடுகளில் இக்குடியிருப்பின் முழுப்பெயர் ‘கூலி லைன்’ என்பது. இதில் முற்பகுதி நம் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் என்பர் ஒரு சாரார். பிற்பகுதி ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்தது. கொண்டும் கொடுத்தும் வாழ்வது மொழிகளுக்கு இயல்பேயாயினும், இந்தக் கொடுக்கல் வாங்கலில் நமக்குக் கிடைத்த இலாபம் இன்னதென்று சொல்லத் தெரியவில்லை.

இனி, லைன் எவ்வாறு லயன் ஆயிற்று என்று கேட்பீராயின், இலக்கணமே விடை கூறும். ஐகாரம் ‘அய்’ என்று ஒலிக்கும் என்பதை நாம் அறிவோம். ஐயர் அய்யர் ஆனதுபோல லைன் லயன் ஆயிற்று. நிலம் நிலன் என்றும், அறம் அறன் என்றும் மகரத்தினிடத்தில் னகரம் வருதலைக் கடைப்போலி என்பர். எழுத்தறியாத நம் பாட்டன்மார் அந்தப் போலியைத் திருப்பிப் போட்டு, லயனை லயம் ஆக்கிக்கொண்டனர். இலக்கணம் ஏட்டில் மட்டும் இருப்பதில்லை. மக்கள் நாவிலும் இருக்கிறது.

லயம் ஆனவுடன் ஒரு தொல்லை பிறந்தது. தமிழில் முன்னரே லயம் என்று ஒரு சொல் உண்டு. இசையிலே தாளத்தோடு ஒன்றி நிற்பது லயம். ஒன்றில் மற்றொன்று கரைந்து போவதும் லயம். குதிரை கட்டும் கொட்டிலுக்கோ ‘லாயம்’ என்று பெயர். குதிரை லாயத்திலிருந்துதான் தோட்டத்து லயம் வந்தது என்று சொல்வாரும் உளர். ஒலியொற்றுமையால் எழுந்த கருத்து அது, வரலாறு அப்படியில்லை. எனினும், அந்தக் கருத்து மக்களிடையே எளிதாகப் பரவியதற்குக் காரணம் என்ன? லயத்தினுள்ளே நுழைந்து பார்த்தவருக்கு அது பொருத்தமாகத் தோன்றிற்று என்பதுதான். வகுப்பிலே ஒரு குறும்புக்காரச் சிறுவன், “ஐயா, சிங்கத்துக்கும் இங்கிலீசில் லயன்தானே? அப்படியென்றால் நாங்கள் சிங்கங்களா?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ‘ஆம்’ என்று சொல்லி அமர்த்தினேன்.

லயத்தின் உள்ளே இன்னும் சில சொற்கள் குடியிருக்கின்றன. அறைக்குக் காம்பரா என்று பெயர். அது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். முன் தாழ்வாரம் இஸ்தோப்பு. அது ஒல்லாந்தருடைய சொல். அவையிரண்டையும் சேர்த்து மூடிய கூரையின் பெயர் ஆங்கிலேயருடையது. இலங்கையை ஆண்ட மூன்று ஐரோப்பிய இனத்தாரும் பன்னிரண்டடிக்குப் பத்தடி இடத்தில் ஒன்றுகூடியிருக்கிறார்கள். இத்தனை சொற்களுக்கு இடம் கிடைத்த அங்கே, ஒரு சிறு தமிழ்ச் சொல் மட்டும் உள்ளே வர முடியாமல் வாசலில் நிற்கிறது. ‘வீடு’ என்பதே அச்சொல்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ‘எனது வீடு’ என்று கட்டுரைத் தலைப்புக் கொடுப்பது பழைய வழக்கம். எங்கள் பிள்ளைகள் எழுதுவார்கள்: ‘எங்கள் வீடு பத்துக் காம்பரா லயத்தில் நான்காவது காம்பரா.’ முதற்சொல் வீடாக இருக்கும். வாக்கியம் முடிவதற்குள் அது காம்பரா ஆகிவிடும். இலக்கணப் பிழை ஏதும் இல்லை. அந்த வாக்கியத்தில் எந்த இடத்தில் சிவப்பு மையால் கோடிடுவது என்று எந்த ஆசிரியருக்கும் தெரியாது. மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்து, 1947ஆம் ஆண்டில் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராக விளங்கிய எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள், தம் நாவல் ஒன்றுக்கு ‘வீடற்றவன்’ என்று பெயர் சூட்டினார். தலைமுறை தலைமுறையாக ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த மக்களைப் பற்றி எழுதியவருக்கு அந்தப் பெயரே பொருத்தமாகப் பட்டது.

முகாம் என்பது சில காலம் தங்கிப் பெயர்ந்து செல்லுமிடம். தொடக்கத்தில் லயமும் அப்படியே இருந்தது. கோப்பிக் காலத்திலே, அறுவடைப் பருவத்துக்குத் தமிழகத்தின் திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து மக்கள் வந்தனர். மன்னார்க் கரையிறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. 1867ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டிருந்தார். அந்தத் தேயிலை மலைகளெல்லாம் பரவியது. தேயிலைக்குப் பருவம் என்று ஒன்றில்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து வரும். ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். பருவத்துக்கு வந்தவர் நிலையாகத் தங்கினர். பிள்ளை பெற்றனர், பேரன் கண்டனர், இறந்தோரை அத்தேயிலை மலையிலேயே புதைத்தனர். மக்கள் நிலைத்துவிட்டனர். முகாமின் பெயரும் முகாமின் அமைப்பும் மட்டும் மாறாமல் நின்றன.

பிறகு வேறுவகைக் கோடுகள் வந்தன. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், குடிமக்கள் யார், அல்லாதார் யார் என்று ஒரு கோடு கீறியது. தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் கோட்டுக்கு அப்பால் நின்றனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் மற்றொரு கோடு கீறியது. நாடற்றவர் எனக் கணக்கிடப்பட்ட 9,75,000 பேருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்று பங்கிட்டனர். 1974ஆம் ஆண்டில் அந்த மீதியையும் பாதி பாதியாகப் பிரித்தனர். கோடு காகிதத்தில் நேராக ஓடியது. லயத்தில் அது அண்ணன் காம்பராவுக்கும் தம்பி காம்பராவுக்கும் நடுவே ஓடியது. இங்கே எஞ்சியிருந்தோரின் குடியுரிமைக் கணக்கு 2003ஆம் ஆண்டின் சட்டத்தால் தீர்ந்தது. ஒரு கோட்டை அழிக்க 55 ஆண்டுகள் சென்றன.

குடியுரிமை கிடைத்த பின்னும் முகவரி கிடைக்கவில்லை. பாடசாலைச் சேர்விடாப்பில் முகவரி என்றொரு கட்டம் உண்டு. அதில் நாங்கள் தோட்டத்தின் பெயரை எழுதுவோம். மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று பிரிவை எழுதுவோம். அதற்குமேல் எழுத ஒன்றுமில்லை. வீதியில்லை, வீட்டிலக்கம் இல்லை. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு வரும். அங்கிருந்து எவர் கையிலாவது கொடுத்துவிடுவார்கள். ஒரே தோட்டத்தில் ஒரே முதலெழுத்தோடு மூன்று லெட்சுமிகள் இருப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன்னர், உயர்தரப் பரீட்சையில் நன்கு சித்தியெய்திய எங்கள் மாணவியொருத்திக்கு ஒரு பயிற்சி நிறுவனத்திலிருந்து நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. குறித்த நாள் கழிந்து நான்காம் நாள் அக்கடிதம் அவள் கைக்கு வந்தது. அவள் அழவில்லை. “அடுத்த வருஷம் பார்ப்போம் சேர்” என்றாள். அடுத்த ஆண்டு அவள் கொழுந்துக் கூடை சுமந்தாள். ஆங்கிலேயர் ஒரு லைன் எழுதிப் போடுவது என்று சொல்கிறார்களே, அந்த ஒரு வரி சென்று சேர்வதற்கு ஓர் இலக்கம் வேண்டியிருக்கிறது.

2020ஆம் ஆண்டில் கொரோனா நோயால் பாடசாலைகளை மூடினோம். வகுப்புகள் ‘ஒன்லைன்’ முறையில் நடைபெறும் என்று அறிவித்தார்கள். அதே சொல் மீண்டும் ஒரு புது வேடத்தில் வந்தது. லயத்தில் வாழும் பிள்ளைகள் பலருக்கு ஒன்லைன் எட்டவில்லை. குடும்பத்தில் ஒரு கைத்தொலைபேசி இருந்தால் அதுவே பெரிது. அதற்கும் அலை கிடைக்காது. பிள்ளைகள் பாறையின் மேலும் மலையுச்சியிலும் ஏறி நின்று பாடம் தேடினார்கள். முற்காலத்தில் ஆளி நாரில் தொடங்கிய இழை, கண்ணுக்குப் புலனாகாத அலையாகி உலகத்தைக் கட்டியபோதும், நம் பிள்ளைகள் அதன் முனையைப் பிடிக்கக் குன்றேற வேண்டியிருந்தது.

இத்தகைய சொல்லை ஒழித்துவிட்டால் என்ன என்று கேட்போர் உண்டு. லயம் என்று சொல்லாதீர்கள், குடியிருப்பு என்று சொல்லுங்கள் என்று சிலர் அறிவுரை கூறுகின்றனர். அவர்களது நல்லெண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால், ஒழுகுகின்ற கூரைக்கு அழகிய பெயர் சூட்டினால் மழை நின்றுவிடாது. 2014 ஒக்டோபர் 29 அன்று காலை, கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. அந்த மண்ணுக்கு அடியிற் போனவற்றை லயம் என்று சொன்னாலும் குடியிருப்பு என்று சொன்னாலும் இழப்பு ஒன்றுதான். பொருள் மாறினால் சொல் தானே மாறும். சொல்லை மட்டும் மாற்றுவது, பொருளை மாற்றவேண்டியவர்களுக்கு ஓய்வு கொடுப்பதாய் முடியும்.

பொருள் மாறத் தொடங்கியுமிருக்கிறது. இந்திய அரசின் உதவியோடு மலையகத் தோட்டங்களில் 4,000 தனி வீடுகள் கட்டும் திட்டம் வந்தது. 2017 மே 12 அன்று நோர்வூட்டில் நடந்த கூட்டத்திலே, இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி, அதாவது ஏறக்குறைய 1,900 சதுர அடி நிலம்; அதில் 550 சதுர அடியில் ஒரு வீடு. 2018ஆம் ஆண்டில் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டு, அதுவரை தோட்ட எல்லையில் நின்றுவிட்ட சபைகளின் பணி உள்ளே வருவதற்கு வழி பிறந்தது. ஆயினும், இன்னும் லயத்தில் வாழ்வோரை நோக்க, கட்டி முடிந்த வீடுகள் மிகச் சில. காணி உறுதி கையில் வராமலே புதுவீட்டில் குடியேறினோரும் உளர். உறுதியில்லாத வீடு, எழுதி முடிக்காத வாக்கியம்போன்றது.

இங்கே மற்றொன்றும் சொல்ல வேண்டும். லயத்தின் குறைகளைப் பேசும்போது, லயத்து மக்களின் நிறைகளை மறந்துவிடலாகாது. ஒரு காம்பராவில் துக்கம் என்றால் பத்துக் காம்பராவிலும் அடுப்பெரியாது. ஒருத்தி மலைக்குப் போனால், அவளுடைய முதிய மாமியாருக்கு அடுத்த காம்பராக்காரி தேநீர் கொடுப்பாள். தீபாவளிப் பலகாரம் கூரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போகும். மாசியிலே காமன்கூத்து நடந்தால் எல்லா இஸ்தோப்பும் ஒரே இஸ்தோப்பு ஆகும். லைன் என்பதன் முதற்பொருள் நூல் என்று தொடக்கத்திலே சொன்னேன். நூலின் தொழில் இரண்டு: ஒன்று, நேராக அளப்பது, மற்றொன்று, உதிரியாய்க் கிடப்பதைத் தொடுத்துக் கட்டுவது. லயத்தை வகுத்தவர் முதலாவதை மட்டும் கருதினர். இரண்டாவதை அங்கு வாழ்ந்த மக்களே செய்துகொண்டனர். தனி வீடு வரும்போது அந்தக் கட்டு அறுந்துவிடாமல் காப்பது நம் இளைஞரின் கடமை.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். மலையகத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும்போது இந்தச் சொல்லை விட்டுவிடாதீர்கள். அதன் எல்லாப் பொருள்களையும் ஒவ்வொன்றாகக் கரும்பலகையில் எழுதுங்கள். கேத்திர கணிதத்திலே அகலமின்றி நீளம் மட்டுமே உடையது கோடு என்று கற்பிக்கிறோம். அது இரு புறமும் முடிவின்றி நீளக்கூடியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தான் பிறந்த லயம் அந்தச் சொல்லின் நூறு பொருள்களுள் ஒன்று என்றும், கவிஞன் எழுதும் அடியும், விமானம் பறக்கும் வழியும், தன் குலத்தின் தொடர்ச்சியும் அதே சொல்லில் அடங்கும் என்றும் அறிந்த பிள்ளை, தான் வாழும் காம்பராவை உலகத்தின் எல்லை என்று எண்ணாது. ஒரு சொல்லை முழுதும் அறிவது, அச்சொல் நம்மை அடைத்து வைத்திருந்த அறையின் சாளரத்தைத் திறப்பதாகும்.

தோட்டத்திலே ஒரு தனி வீட்டுக்கு அடித்தளம் போடும்போது, முதலில் நில அளவையாளர் வந்து எல்லைக்கோடு கீறுவார். பின்னர் மேசன் நான்கு முளை அடித்து நூல் கட்டுவார். நூல் பிடித்த இடத்திலே மண் வெட்டி அத்திவாரக் கல் வைப்பார்கள். அந்த நூலும் ‘லைன்’ என்னும் சொல்லின் பழைய பொருள்தான். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக அச்சொல் நம்மை வரிசையில் நிறுத்தியது. அதே சொல் தன் முதற்பொருளுக்குத் திரும்பி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் நான்கு பக்கமும் நூல் கட்டித் தருமாயின், அன்று எங்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை, ‘எனது வீடு’ என்று தொடங்கும் வாக்கியத்தை வீடு என்றே முடிக்கும். காணி உறுதியும் வீட்டிலக்கமும் இன்னும் வரவேண்டிய லயங்கள் எத்தனையோ உள்ளன. அவை வரும்வரை இந்தச் சொல்லை நாம் மறவாதிருப்போமாக.